இளவரசர் வெளிக்குப் போகாமை குறித்து அரசி தமையனார்க்கு விடுத்த ஓலை

மலைமுகட்டில் மழை தங்குக. சுனைதோறும் நீர் பொங்குக. குன்றவாயில் நாட்டுக் கோட்டைக் கதவுகள் விருந்தினர்க்குத் திறந்தும், பகைவர்க்கு அடைத்தும், எது எவர்க்கு என்று குழம்பாமலும் நெடுங்காலம் நிற்க.

யானைப்படைக்கு அதிபதியும், தேன்வளம் மிக்க குன்றங்களின் காவலரும், எமக்கு முன்னே பிறந்துவிட்ட ஒரே தகுதியால் எம்மை இன்றுவரை அதட்டி வருபவருமாகிய வெற்பன் சேந்தனார் திருமுன்பு, அவர்தம் தங்கையும் மருதவேலி நாட்டு அரசியுமாகிய நறுமுகைத்தேவி விடுக்கும் ஓலை.

அண்ணியார் நலம், பிள்ளைகள் நலம், பட்டத்து யானையின் பல்வலி நலம் ஆகியவற்றை முறைப்படி உசாவினோம் என்று கொள்க. இங்கு மன்னர் நலம். நாமும் நலம். இளவரசர் நலமோ நலம். இம்மூன்றாவது நலத்தைத்தான் இந்நாட்டில் ஒருவரும் நம்ப மறுக்கின்றனர், அதன்பொருட்டே இவ்வோலை.

ஆற்றின் அக்கரையில் அண்ணன் பாடியிறங்கியிருப்பதை மேல்மாடத்திலிருந்து கண்டோம். கூடாரங்கள் அழகு, கொடிகள் அழகு, நடுக்கூடாரத்தில் பட்டு விரித்து, அதன்மேல் பொற்பாலாடை ஒன்றை வைத்து, அதற்கு இருபுறமும் வாளேந்திய வீரரை நிறுத்தியிருப்பதாகக் கேள்விப்பட்டோம், அதுவும் அழகே. நாளைக் காலை அப்பாலாடையோடு இக்கரை வந்து, அதில் விளக்கெண்ணெய் வார்த்து, எம் மகனின் வாயில் ஊற்றியருளுமாறு எம் அவையோர் அண்ணனை வேண்டியிருக்கின்றனர். தாய்ப்பாலல்லாத எதுவும், அது அமுதமே ஆனாலும், முதன்முதலில் தாய்மாமன் கையால்தான் குழந்தையின் வாயிற் புக வேண்டும் என்பது மருதவேலியின் முறை என்பதால், அண்ணனின் கை அசைந்தாலன்றி அந்த எண்ணெய் அசையாது. இதைவிட நல்ல செய்தி இவ்வரண்மனையில் இப்போது வேறில்லை. ஆகவே முதற்கண் எம் வேண்டுகோளைச் சொல்லிவிடுகிறோம்: அண்ணனின் கை அசைய வேண்டா. ஏன் என்பதைக் கீழே காண்க.

காண்பதற்கு முன் ஒரு சொல். எம் ஓலைநாயகம் ஆவுடையார் மிக நாகரிகமானவர். நாம் சொல்லச் சொல்ல எழுத்தாணி ஓட்டுபவர், ‘வெளிக்குப் போதல்’ என்ற இடம் வந்ததும் நின்றுவிட்டார். அதற்குப் பகரமாக ‘அபான விமோசன மங்கல நிகழ்வு’ என்று பொறிக்க அனுமதி கோரினார். அது எந்த நாட்டுத் திருவிழா என்று அண்ணன் கேட்பீர் என்பதால் அனுமதி மறுத்தோம். இனி வரும் சொற்கள் அனைத்தும் எம்முடையவை. ஓலையில் எழுத்தாணி நடுங்கிய தடங்கள் மட்டும் அவருடையவை.

இந்நாட்டின் கொம்பு வழக்கத்தை அண்ணன் அறிவீர். ஆயினும் அது எங்கிருந்து வந்தது என்பதை அறியீர். எம் கணவரின் முன்னோர் ஒருவர் கைக்குழந்தையாக இருந்தபோது, அவர் உயிரோடு இல்லை என்று பகைவர் வதந்தி பரப்பினராம். குழந்தையை வெளியே கொணர்ந்து காட்டினால் கண்ணேறு படும்; காட்டாவிட்டால் வதந்தி ஓயாது. உயிருள்ள குழந்தை மட்டுமே வெளிக்குப் போகும் என்னும் அரும்பெரும் உண்மையை அன்றைய அமைச்சர் ஒருவர் தனியே சிந்தித்துக் கண்டறிந்து, இளவரசர் துணியை நனைப்பதெல்லாம் கணக்கில் வாராது, கெட்டியாக ஏதேனும் செய்தால் மட்டும் கோட்டை வாயிலில் கொம்பு ஊதுக என்று ஆணை பிறப்பித்தார். அடுத்து வந்த அமைச்சர், முன்னவரினும் தாம் குறைந்தவரல்லர் என்று காட்டும்பொருட்டு, ஒவ்வொரு நாளும் முதற்கொம்பு ஒலித்த பின்னரே கடைத்தெரு திறக்கவும் அவை அமரவும் மணவினை நிகழவும் வேண்டும் என்று சேர்த்தார். இவ்வாறாக ஒரு பேரரசின் பொழுதுவிடிவு ஒரு சிறு குழந்தையின் அடிப்புறத்தில் கட்டித் தொங்கவிடப்பட்டது.

எம் மகன் பருதிச்செல்வன் பிறந்த புதிதில் இம்முறையால் ஒரு குறையும் இல்லை. குறையென்றால் மிகுதியே குறை. பால் மேல்வாயிலில் புகும்போதே கீழ்வாயில் திறக்கும் பருவம் அது. கொம்பூதி வயிரவன் ஒரு முழக்கத்தை முடித்து உதட்டைத் துடைப்பதற்குள், ‘மறுபடியும்!’ என்று மேலிருந்து தாதி கூவுவாள். அவன் கன்னங்கள் பலாப்பழமாக வீங்கின. அயல்நாட்டு வணிகர்கள், ஓயாது கொம்பொலிக்கும் இந்நகரில் நாள்தோறும் வெற்றிவிழா என்று எண்ணி, எம் படைவலிமையை வியந்து திறைப்பொருள் கொடுத்துச் சென்றனர். மன்னரும் அதை மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

பின்பு, குழந்தை ஒன்றரைத் திங்களைக் கடந்தபோது, கொம்பு நின்றது.

ஒருநாள் நின்றது. மறுநாளும் நின்றது. அடுத்த நாள் வயிரவன் கொம்புக்குள் குருவி கூடு கட்டியதோ என்று எட்டிப் பார்த்தான். ஒரு கிழமை ஆகிவிட்டது. கடைத்தெரு பூட்டியே கிடக்கிறது. கோட்டை வாயிலில் குடிமக்கள் கூடி, எம் மகன் படுத்திருக்கும் மாடத்தை அண்ணாந்து பார்த்து முறையிடுவதைச் செவியாரக் கேட்கிறோம். முறையீட்டை முறையீடாகவே அனுப்புகிறோம். திருத்தினால் மணம் போய்விடும்.

மீன்விற்கும் காத்தாயி என்பவள், “சின்ன ராசா, எஞ்சாமி! ஒரே ஒரு வாட்டி முக்கிருங்க சாமி! கூடையில அயிரை மீனு நாறிப்போச்சு!” என்று மாடத்தை நோக்கிக் கும்பிட்டாள்.

அருகில் நின்ற ஒருவர், “நீ மீனுக்கு அழுவுற. எம் மவளுக்குப் பந்தல் போட்டு மாப்பிள்ளை வீட்டாளுக வந்து உக்காந்திருக்காங்க. கொம்பு ஊதாம தாலி கட்டக் கூடாதாம். அதுவரைக்கும் அத்தனை பேருக்கும் எவன் சோறு போடுறது?” என்றார்.

“அந்தப் புள்ளையப் பாத்துக் கேளும்யா, நம்மளப் பாத்துக் கேட்டா?”

“அது கைப்புள்ள. அதுக்கு என்ன தெரியும், நாடு அதுங் கையில இருக்குன்னு?”

“கையிலயா இருக்கு?” என்றாள் காத்தாயி. கூட்டம் சிரித்தது. நாமும் மாடத்துத் தூணுக்குப் பின்னே நின்று சிரித்தோம். அரசிக்கு உரிய அளவினும் சற்று மிகுதியாகவே சிரித்தோம்.

அவையோர் சிரிக்கவில்லை. கொம்பு ஒலிக்காமல் அவை அமரலாகாது என்று விதி இருப்பதால், அமராமல் நின்றுகொண்டே கூடினர். முதுமை மிக்க உறுப்பினர் இருவர் தூணில் சாய்ந்தபோது, சாய்தல் அமர்தலில் அடங்குமா என்ற ஐயம் எழுந்து, முற்பகல் முழுதும் அதிலேயே கழிந்தது. பிறகு அரண்மனைப் பெருமருத்துவர் அமுதகலசர் தொண்டையைச் செருமினார். அரசியார் பலாச்சுளை உண்டமையால் பால் சூடேறி, அச்சூட்டினால் இளவரசரின் குடல் வறண்டு, வறட்சியினால் மலம் கல்லாயிற்று என்றும், தக்க நாளில் விளக்கெண்ணெய் ஊட்டி, அதன்பின் அரசியாரின் பாலை நிறுத்திச் செவிலி ஒருத்தியின் பாலை அளிப்பதே நாட்டுக்கு நலம் என்றும் அவர் விண்ணப்பித்தார். நாம் உண்ட பலாச்சுளை இரண்டு. மீதிப் பழத்தை உண்டவர் பெருமருத்துவர். அவர் குடல் வறண்டதாகத் தெரியவில்லை.

தானைத்தலைவர் இடிமுழக்கனார், தொட்டிலைச் சுற்றிப் போர்முரசு அறைந்தால் அச்சத்தினால் காரியம் எளிதில் முடியும் என்றார். தம் படைவீரரிடம் அவர் அதைப் பலமுறை கண்டிருக்கிறாராம். முதலமைச்சர் நீதிவல்லபரோ, போகாமலே போனதாகக் கொம்பு ஊதிவிடலாம், அரசியலில் இது பொய்யாகாது, முன்கூட்டிச் சொல்லப்பட்ட உண்மையே ஆகும் என்றார். அதற்கும் நாம் இசைந்திருப்போம். ஆனால் வயிரவன் மாட்டேன் என்றுவிட்டான். “நெசமா வராததுக்கு ஊதுனா ஊரு என்னைய ஒதைக்கும் தாயே. நேத்து ஒரு ஏப்பம் விட்டேன், அதுக்கே பாதிப் பேரு கடையத் தொறந்துட்டாங்க” என்றான்.

இதனிடையே நேற்று முற்பகலில் இளவரசர் காற்று விட்டார். பெருங்காற்று. சாமரம் வீசிய பெண் ஒரு கணம் வீச்சை நிறுத்தினாள். காற்றுக்குக் கொம்பு உண்டா என்ற வினா அவையில் எழுந்தது. பொருள் வெளிப்படாத இடத்து முழுக்கொம்பு ஊதுவது மிகை, ஆயினும் முயற்சியைப் பாராட்டாது விடுவது குறை என்று ஆய்ந்து, காற்றுக்கு அரைக்கொம்பு என்று தீர்மானித்தனர். அரைக்கொம்பு ஒலித்ததும் கடைக்காரர்கள் கதவை அரைவாசி திறந்து, தலையை மட்டும் நீட்டி, மேற்கொண்டு செய்தி இல்லாமையால் உள்ளே இழுத்துக்கொண்டனர்.

இனி அண்ணன் எம்மை நம்பும்படி ஒன்று சொல்கிறோம். இதில் விளையாட்டு இல்லை.

பருதி நன்றாகப் பால் குடிக்கிறான். குடித்து முடித்து எம் தோளில் கிடந்து ஏப்பம் விடுகிறான். துவைப்பவள் சலித்துக்கொள்ளும் அளவுக்குத் துணிகளை நனைக்கிறான். பிறந்தபோது கட்டிய அரைஞாண் இறுக்கிவிட்டதால் பொற்கொல்லர் வந்து நீட்டிக் கொடுத்தார். வயிற்றில் விரல் வைத்தால் பிசைந்த மாவைப் போல் மெத்தென்று அமுங்குகிறது. எம்மைக் கண்டால் பொக்கைவாய் திறந்து சிரிக்கிறான். பெருமருத்துவரைக் கண்டால் சிரிப்பதில்லை. அதுவும் நல்ல அறிவுக்கு அடையாளமே. முகம் சிவந்து, கைகளை முறுக்கி, கால்களை மடக்கி அவன் முக்குவதைக் கண்டு, கல்லாய் இறுகியதென்று இவர்கள் நடுங்குகின்றனர். படுத்த நிலையில் முக்குவதற்கு அவன் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறான், அவ்வளவே. கால்களை மெல்லப் பிடித்து மிதிப்பதுபோல் ஆட்டிவிட்டால் காற்று பிரிந்து, மலர்ந்து, உறங்கிவிடுகிறான். தாய்ப்பாலில் கழிவாகப் போவதற்கு அதிகம் ஒன்றும் இல்லை. பெரும்பாலும் உடம்பிலேயே ஒட்டிக்கொள்கிறது. பால் மட்டும் குடிக்கும் பிள்ளை முதல் ஒரு திங்களில் ஓயாது போவதும், பிறகு நாட்கணக்கில் போகாமலே களித்திருப்பதும் உண்டு. வயிறு விம்மிக் கல்லானாலும், பச்சையாய்க் கக்கினாலும், சுரம் கண்டாலும், பாலை மறுத்தாலும், குருதி தென்பட்டாலும், நாமே முதலில் ஓடிப்போய்ப் பெருமருத்துவரை அவர் குறட்டையிலிருந்து எழுப்புவோம். இவற்றுள் ஒன்றும் இல்லை. அவன் எடை கூடுகிறான், நாடுதான் மெலிகிறது.

இவ்வளவையும் மன்னரிடம் சொன்னோம். மும்முறை போர்க்களம் கண்டு ஒருமுறையும் புறங்காட்டாத அடலேறனார், கணையாழியைத் திருகிக்கொண்டே, “எல்லாரும் ஒரே குரல்ல சொல்றாங்களே நறுமுகை. நான் ஒருத்தன் என்ன பண்ணட்டும்?” என்றார். அண்ணனுக்கு விடுத்த அழைப்போலையில் முத்திரையும் இட்டுவிட்டார். அவர் கொடியவர் அல்லர். பலர் சேர்ந்து பேசினால் அது உண்மை என்று நம்பிவிடுபவர். அரசராக இருக்க அது போதும். தந்தையாக இருக்கப் போதாது.

ஆகவே எம் பாலும் எம் பிள்ளையின் வயிறும் இப்போது அண்ணனின் வலக்கையில் இருக்கின்றன. தாங்கள் மறுத்தால் எண்ணெய் இல்லை. எண்ணெய் இல்லையேல் செவிலியும் இல்லை. மறுக்கத் தங்களுக்குக் கூச்சமாக இருப்பின், நம் அன்னையார் சொல்லிச் சிரிக்கும் ஒரு செய்தியை நினைவூட்டுகிறோம். தாங்களும் இரண்டு திங்கள் கடந்த கைக்குழந்தையாக இருந்தபோது ஒன்பது நாட்கள் ஒன்றும் செய்யாதிருந்து, பத்தாம் நாள் பெயர் சூட்டு விழாவில், வந்திருந்த சிற்றரசர் ஒருவரின் மடியில் அனைத்தையும் ஒருசேர வழங்கினீராம். அவர் திறை செலுத்த வந்தவர், பெற்றுக்கொண்டு போனார். தங்களுக்கு அன்று எவரும் எண்ணெய் ஊற்றவில்லை. இன்று யானைமேல் ஏறினால் யானை முனகும் அளவுக்கு வளர்ந்துவிட்டீர். பாலாடையோடு பாலம் கடந்தால், இச்செய்தியை வயிரவனைக் கொண்டு தங்கள் படை முழுதும் கேட்க அறிவிப்போம். தங்கையின் அன்பு அத்தகையது.

இதுவரை எழுதி, அரக்கு உருகக் காத்திருந்த வேளையில் நடந்ததை இனிச் சேர்க்கிறோம். ஆவுடையார் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து அமர்ந்திருக்கிறார்.

எண்ணெயின் அளவை முடிவு செய்ய இளவரசரின் எடையை அறிய வேண்டும் என்று அவையோர் அனைவரும் தொட்டிலறைக்கு வந்தனர். பெருமருத்துவர் நாளைய சடங்குக்கென்று நெய்வித்த சரிகைப் பட்டை ஒத்திகைக்காக இன்றே உடுத்தியிருந்தார். பருதியைத் தூக்கித் தம் மடியில் இருத்தி, வயிற்றில் விரலால் தட்டி, “கல்! நான் சொல்லவில்லையா? கல்!” என்றார். பருதியின் முகம் சிவந்தது. முட்டி மடங்கியது. இடிமுழக்கனார் மனங்கசிந்து, “பாருங்கள், வீரக்களை! பகைவரை நினைத்துவிட்டார்!” என்றார்.

நினைத்தது பகைவரை அன்று.

அண்ணா, அதை எவ்வாறு சொல்வது! ஒரு கிழமையாக நாடு காத்த பொறுமை முழுதும் ஒரே மூச்சில் விடுதலை பெற்றது. பட்டின் சரிகை தெரியவில்லை. பெருமருத்துவர் எழுந்தார், எழுந்தது தவறு, அது முதலமைச்சரின் பாதங்களையும் சென்றடைந்தது. இடிமுழக்கனார் புறங்காட்டினார். பருதி தன் கைவேலையைக் கண்டவன்போல் கெக்கலியிட்டான். “வந்திருச்சு!” என்று தாதி மாடத்திலிருந்து அலறினாள். வயிரவன் ஊதினான், மூச்சு முட்ட, கண் பிதுங்க, முழுக்கொம்பு ஊதினான். கடைகள் படபடவென்று திறந்தன. பந்தலில் மேளம் கொட்டியது. “மவராசனா இரு சாமி!” என்று காத்தாயி தெருவில் ஆடினாள். அக்கரையில் தங்கள் யானைகள் பிளிறியது எமக்கும் கேட்டது, அது என்ன என்று தாங்கள் கேட்டிருப்பீர், இதுதான் அது.

அத்தோடு முடிந்ததென்று நினைத்தோம். அமுதகலசர் கை கழுவி, மடியில் இருந்ததை உற்று நோக்கினார். மஞ்சள் நிறம், இளகிய பதம், கடுகு கடுகாகத் துகள். “ஐயையோ, இது கழிச்சல்! உடனே மாதுளை ஓட்டுக் கஷாயத்தால் கட்ட வேண்டும். தாய்மாமனின் பாலாடையைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்!” என்றார். கல் என்று அவர் தட்டிச் சொன்ன குரல் இன்னும் அறையை விட்டுப் போகவில்லை. பால் குடிக்கும் பிள்ளைக்கு அதுவே நல்ல நிறம், அதுவே நல்ல பதம் என்று நாம் சொன்னதை அவையோர் கேளாமல், ஆம் ஆம் என்று அவருக்கே தலையசைத்தனர்.

அப்போதுதான் எமக்கு அது தோன்றியது. முதலமைச்சரை அருகழைத்து, ஆணை ஒன்று சொல்கிறோம், எழுதிக்கொள்க என்றோம். இன்றுமுதல் இளவரசரின் வயிற்றுக்கு மருந்து முன்மொழியும் எவராயினும், அவர்தம் சொந்த வயிற்றின் நடப்பையும் நாட்டு மக்கள் அறிந்து மகிழும்பொருட்டு, அவர் வெளிக்குப் போகும்போதெல்லாம் அவர் பெயர் சொல்லிக் கோட்டை வாயிலில் கொம்பு ஊதப்படும். போகாத நாளில் ஊதப்படாது. காற்றுக்கு, அவையின் தீர்மானப்படி, அரைக்கொம்பு.

நீதிவல்லபர் வயிற்றைத் தடவிக்கொண்டார். அமுதகலசர் நீண்டநேரம் தம் பட்டைப் பார்த்துவிட்டு, மேலும் ஆராய்ந்ததில் இளவரசர் முழுநலத்தோடு விளங்குகிறார் என்றும், அரசியாரின் பாலே அவருக்கு அமுது என்றும் அறிவித்தார். மன்னர் சுவரோரம் நின்று தோள் குலுங்கச் சிரித்தார். கணையாழியைக் கழற்றி, துடைத்து, எம் கையில் தந்து, “நீயே குத்து” என்றார்.

ஆகவே ஆணைகளும் வேண்டுகோள்களும் வருமாறு. கொம்பு வழக்கம் இன்றோடு நின்றது. கடைகள் கதிரவன் சொற்படி திறக்கும். பிள்ளைக்குப் பல் முளைக்கும்போது கடித்து விளையாடக் கொம்பு தொட்டிலருகே வைக்கப்படும். வயிரவன் கன்னம் வற்றும்வரை ஓய்வு பெறுவான். அண்ணன் நாளைக் காலை பாலம் கடந்து வருக. யானைகள் அக்கரையிலேயே நிற்க. பாலாடை பட்டிலேயே உறங்குக. சோறூட்டும் திங்களில் அதற்கு வேலை வரும். அதுவரை மாமன் சீராகப் பழந்துணிகள் கொணர்க, பழகி மெத்தென்றான பருத்தியே நன்று. அண்ணனும் பழைய வேட்டியே உடுத்தி வருக. மருமகன் மாமன் மடியில் அமர்வான், அவன் அடுத்து எப்போது என்பதை எந்த அவையாலும் சொல்ல இயலாது.

சுனை வற்றாதிருக்க, மலைத்தேன் கசக்காதிருக்க, குன்றவாயிலும் மருதவேலியும் ஆறு ஒன்றாலன்றி வேறொன்றாலும் பிரியாதிருக்க. எம் கையால் மன்னர் முத்திரை இட்டோம். ஓலையின் வலது ஓரத்தில் மஞ்சள் தடவியிருக்கக் காண்பீர். மங்கல ஓலை என்று மகிழ்ந்து, வழக்கம்போல் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டா. நாங்கள் மஞ்சள் தடவவில்லை.